தாமரை இலையில் தண்ணீர்த் துளி: தயக்கமில்லாத பரப்புகளை வீட்டிலேயே ஆராய ஒரு முழு வழிகாட்டி

தாமரை இலையின் மேல்பக்கத்தில் ஒரு துளி தண்ணீர் விட்டால் முத்தாகத் திரண்டு உருண்டோடிவிடும். அதே இலையைத் திருப்பி அடிப்பக்கத்தில் ஒரு துளி விடுங்கள். பரவி, இலையை நனைத்துவிடும். ஒட்டாமல் வாழ்கிறவரைத் ‘தாமரை இலைத் தண்ணீர்’ என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். அந்தச் சொலவடை இலையின் ஒரு பக்கத்துக்குத்தான் பொருந்தும் என்பது இலையைப் புரட்டிப் பார்த்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து இந்தத் துளிகளை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீரை அறவே ஒதுக்கும் பரப்புகளைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலானவர்கள் துளியின் உருண்டை வடிவத்தைப் பார்த்து வியப்பார்கள். உருண்டை அழகுதான், ஆனால் அது பாதிக் கதை. துளி இருந்த இடத்தை விட்டு நகர எவ்வளவு தயங்குகிறது என்பதில்தான் பரப்பின் உண்மையான தரம் தெரியும். அந்தத் தயக்கத்தைக் கண்ணால் பார்த்து, அளந்து, வேண்டுமென்றே கெடுத்து, பிறகு நாமே ஒரு பரப்பைச் செய்து பார்க்கும் வரைக்குமான வழியைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

தேவையானவை

புதிதாகப் பறித்த தாமரை இலை ஒன்று. பூக்கடைகளில் பூ மடித்துக் கொடுக்க வைத்திருப்பார்கள், கேட்டால் தருவார்கள். வாடாததாக, மேல்பக்கம் யாரும் அதிகம் கை வைக்காததாகப் பார்த்து வாங்குங்கள். தாமரை கிடைக்காவிட்டால் சேப்பங்கிழங்குச் செடியின் இலை அதே அளவுக்கு நன்றாக வேலை செய்யும். (அதன் சாறு பட்டால் அரிக்கும். காம்பை நறுக்கியதும் கை கழுவிவிடுங்கள்.) முட்டைக்கோஸின் வெளி இலை, நெல் இலை, குளத்து ஆகாயத்தாமரை ஆகியவையும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

துளி விடுவதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் புதிய இன்சுலின் ஊசிக்குழல் நல்லது. 1 மி.லி.க்கு 100 யூனிட் எனக் குறியிட்டது என்றால் 1 யூனிட் 10 மைக்ரோலிட்டர். ஊசி மெல்லியது என்பதால் தானாகச் சொட்டும் துளி சுமார் 2 மி.மீ. விட்டத்துக்கு வரும். மருந்து விடும் சாதாரண சொட்டுக்குழலில் வரும் துளி இதைவிட இரண்டு மடங்கு அகலமானது. ஏறத்தாழ 20 சொட்டுக்கு 1 மி.லி. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு செய்வதாக இருந்தால் ஊசியைப் பெரியவர் கையாளட்டும். வேலை முடிந்ததும் மூடி போட்டுப் பத்திரமாக அப்புறப்படுத்துங்கள்.

இவற்றோடு, மெதுவோட்டக் காணொளி எடுக்கும் கைப்பேசி, 30 செ.மீ. அளவுகோல், வெள்ளைத்தாள், சாக்பீஸ் தூள், சோப்பு, ஒரு மெழுகுவர்த்தி, ஒரு பழைய எவர்சில்வர் கரண்டி.

படி 1: காற்றைக் கண்ணால் பாருங்கள்

வாளி நிறையத் தண்ணீர் எடுத்து, இலையின் ஒரு துண்டை மேல்பக்கம் உங்களைப் பார்த்தபடி முக்குங்கள். நேர் மேலிருந்து பார்த்தால் பச்சையாகத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் இலை முழுவதும் வெள்ளித் தகடு மாதிரி பளபளக்கும். வெளியே எடுத்தால் சொட்டு ஈரம் இருக்காது.

அந்த வெள்ளி காற்றின் நிறம். தண்ணீருக்குள் செல்லும் ஒளி, காற்றின் எல்லையை 48.6 டிகிரிக்கு மேல் சாய்வாகத் தொட்டால் வெளியேற முடியாமல் முழுவதும் திரும்பிவிடும். பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்புதான் இது. அப்படியென்றால் இலைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு காற்றுப் படலம் சிக்கியிருக்கிறது. தண்ணீர் இலையைத் தொட்டது மிகச் சில புள்ளிகளில்தான்.

இப்போது இலையின் ஒரு மூலையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு மறுபடி முக்குங்கள். தேய்த்த இடத்தில் வெள்ளி மங்கிவிடும். இலையின் நிறம் மாறவில்லை, கிழியவுமில்லை. ஆனாலும் அங்கே ஏதோ நசுங்கிவிட்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் தாமரை இலையின் மேல்பக்கம் முழுக்க சுமார் 10 மைக்ரான் அகலமுள்ள குட்டி மேடுகள். அந்த மேடுகளின் மேலும் இடுக்குகளிலும், சுமார் 0.1 மைக்ரான் பருமனே உள்ள மெழுகுக் குழல்கள் புல் முளைத்தது போல நிற்கின்றன. தலைமயிரின் பருமனே 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட், 1970களில் இலைகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து வகைப்படுத்திக்கொண்டிருந்தார். வழவழப்பான இலைகளை ஒவ்வொரு முறையும் தூசி போகக் கழுவ வேண்டியிருந்தது. மெழுகு முளைத்த சொரசொரப்பான இலைகளோ கழுவாமலேயே சுத்தமாக இருந்தன. சொரசொரப்பில்தானே அழுக்கு தங்கும் என்ற நம் அனுபவத்துக்கு இது நேர்மாறு. கிறிஸ்டோஃப் நைன்ஹுயிஸுடன் சேர்ந்து 1997இல் அவர் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் ‘தாமரை விளைவு’ உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

படி 2: துளியைப் படமெடுத்துக் கோணத்தை அளவிடுங்கள்

இலையை மேசை விளிம்பில் சமமாக விரித்து வையுங்கள். பின்னால் வெள்ளைத்தாளை நிறுத்தி, அதன் மேல் வெளிச்சம் படச் செய்யுங்கள். ஊசியால் சிறிய துளி ஒன்றை வைத்து, கைப்பேசியைத் துளியின் மட்டத்துக்கே இறக்கிப் பக்கவாட்டில் படமெடுங்கள். கேமரா சற்று உயர்ந்தாலும் துளியின் அடிப்பகுதி சரியாகத் தெரியாது. இந்த வேலையில் அதிகப் பொறுமை கேட்பது இந்த ஒரு இடம்தான்.

துளியின் ஓரம் பரப்பைத் தொடும் இடத்தில், தண்ணீருக்கு உட்பக்கமாக அளக்கும் கோணத்துக்குத் தொடுகோணம் என்று பெயர். படத்தில் துளியின் உயரத்தையும், அது பரப்பைத் தொடும் அடியின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். உயரத்தின் இருமடங்கை அடி அகலத்தால் வகுத்து, அந்த எண்ணை டேன் மதிப்பாகக் கொண்ட கோணத்தைக் கண்டுபிடித்து (கணிப்பானில் tan⁻¹), அதை இரண்டால் பெருக்கினால் தொடுகோணம் கிடைக்கும். உயரம் 1.9 மி.மீ., அடி 0.7 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 3.8 ÷ 0.7 = 5.43. அதற்குரிய கோணம் 79.6 டிகிரி. இருமடங்கு 159 டிகிரி. துளி பெரிதானால் தன் எடையிலேயே தட்டையாகிவிடும் என்பதால் இந்தக் கணக்கு 2 மி.மீ.க்கு உட்பட்ட துளிகளுக்குத்தான் சரிவரும்.

இதே முறையில் வீட்டில் உள்ள மற்ற பரப்புகளையும் அளந்து எழுதி வையுங்கள். நன்றாகக் கழுவிய கண்ணாடியில் 30 டிகிரிக்கும் கீழே வரலாம். மெழுகுவர்த்தி மெழுகில் 105 முதல் 110 வரை. ஒட்டாத தோசைத்தவாவின் டெஃப்லான் பூச்சில் கிட்டத்தட்ட 110. தாமரையில் 160ஐ ஒட்டி வரும். 150 டிகிரிக்கு மேல் போனால்தான் ‘மீநீர்வெறுப்பு’ என்ற தகுதி கிடைக்கும்.

இந்தப் பட்டியலில் 120க்கும் 150க்கும் நடுவே பெரிய பள்ளம் இருப்பது கண்ணில் படும். அதற்குக் காரணம் உண்டு. பரப்பு வழவழப்பாக இருந்தால், எந்தப் பொருளைப் பூசினாலும் தண்ணீரின் தொடுகோணம் 120 டிகிரியைத் தாண்டுவதில்லை. வேதியியல் அந்த எல்லை வரைதான் தூக்கிவிடும். அதற்கு மேலே ஏற வேண்டுமானால் பரப்பின் வடிவம் கைகொடுக்க வேண்டும்.

வடிவம் இரண்டு விதமாகக் கைகொடுக்கிறது. ஒன்றை 1936இல் ராபர்ட் வென்சல் விளக்கினார்: தண்ணீர் சொரசொரப்பின் பள்ளங்களுக்குள் இறங்கி எல்லா இடத்தையும் தொடுகிறது, தொடும் பரப்பு கூடுவதால் பரப்பின் இயல்பும் பெருகித் தெரிகிறது. மெழுகின் 110 டிகிரியை எடுத்துக்கொண்டு தொடும் பரப்பை இருமடங்காக்கினால் 133 டிகிரி வரும். மற்றதை 1944இல் காசியும் பாக்ஸ்டரும் சொன்னார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கம்பளித் தொழிலுக்கான ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள் அவர்கள். நனையாத துணி எப்படி நெய்வது என்பதுதான் கேள்வி. வாத்தின் இறகு அதற்கு முன்மாதிரி. அவர்கள் கணக்கில் தண்ணீர் பள்ளத்துக்குள் இறங்குவதே இல்லை. மேட்டு நுனிகளில் உட்கார்ந்துகொள்கிறது, மிச்சமெல்லாம் காற்று. அதே 110 டிகிரி மெழுகில், துளியின் அடியில் 10 சதவீதம் மட்டுமே திடப்பொருள், 90 சதவீதம் காற்று என்றால் கோணம் 159க்குத் தாவிவிடுகிறது. நீங்கள் அளந்த எண்ணும், வாளியில் பார்த்த வெள்ளியும் இங்கே ஒன்றுசேர்கின்றன.

படி 3: சாய்த்துத் தயக்கத்தை அளவிடுங்கள்

மழை நாளில் பேருந்து ஜன்னல் கண்ணாடியைக் கவனித்திருப்பீர்கள். செங்குத்தான கண்ணாடியில்கூடச் சில துளிகள் விழாமல் தொங்கும். கீழ்ப்பக்கம் பருத்து, மேல்பக்கம் மெலிந்து இருக்கும். ஒரே துளிக்கு முன்னால் ஒரு கோணம், பின்னால் ஒரு கோணம். முன்னேறும் கோணத்துக்கும் பின்வாங்கும் கோணத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டுக்குத் தமிழில் தயக்கம் என்று பெயர். காந்தவியல் பாடத்தில் வரும் அதே சொல். துளியைப் பொறுத்தவரை இதைவிடப் பொருத்தமான சொல் அமையாது என்று நினைக்கிறேன்.

இலைத் துண்டை ஒரு அட்டையில் சுருக்கமில்லாமல் ஒட்டி, 30 செ.மீ. அளவுகோல் மீது வையுங்கள். 10 மைக்ரோலிட்டர் துளி ஒன்றை மெல்ல இறக்குங்கள். அளவுகோலின் ஒரு முனையை மெதுவாகத் தூக்கிக்கொண்டே வாருங்கள். 2.6 செ.மீ. உயர்ந்தால் சாய்வு 5 டிகிரி, 5.2 செ.மீ. என்றால் 10 டிகிரி. துளி எந்த உயரத்தில் புறப்படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தாமரையில் பெரும்பாலும் நீங்கள் தூக்கத் தொடங்கும்போதே ஓடிவிடும். 10 டிகிரிக்குள் ஓடினால்தான் நல்ல பரப்பு.

எவ்வளவு சிறிய பிடி அது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 10 மைக்ரோலிட்டர் துளியின் எடை 98 மைக்ரோநியூட்டன். பரப்பு துளியைப் பிடித்துவைக்கும் விசை மூன்று எண்களின் பெருக்கல்: தண்ணீரின் பரப்பு இழுவிசை (மீட்டருக்கு 0.072 நியூட்டன்), துளியின் அடி அகலம், இரு கோணங்களின் கொசைன் வேறுபாடு. தூசி படிந்த கண்ணாடியில் கோணங்கள் 70, 30 என்றும் அடி 4 மி.மீ. என்றும் வைத்தால் பிடி சுமார் 150 மைக்ரோநியூட்டன். துளியின் முழு எடையை விட அதிகம். அதனால்தான் ஜன்னலில் தொங்குகிறது. தாமரையில் 160, 155 என்றும் அடி 1.5 மி.மீ. என்றும் வைத்தால் பிடி 4 மைக்ரோநியூட்டனைக்கூடத் தொடாது. 2 டிகிரி சாய்வே போதும்.

உருண்டையை மட்டும் நம்பி ஏமாறக்கூடாது என்பதற்கு ஒரு சாட்சி பூக்கடையிலேயே இருக்கிறது. சிவப்பு ரோஜா இதழில் துளி விடுங்கள். பல ரோஜாக்களில் துளி தாமரையில் இருப்பது போலவே உருண்டு திரளும். கோணம் 150ஐத் தொடும். இப்போது இதழைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். துளி விழாமல் தொங்கிக்கொண்டிருக்கும். இதழின் பெரிய மேடுகளுக்கு இடையே தண்ணீர் இறங்கிப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். ஒரே கோணம், நேரெதிர் குணம்.

நெல் இலை இன்னொரு பாடம் சொல்கிறது. அதன் மேடுகள் நரம்பின் போக்கில் வரிசையாக அமைந்திருப்பதால், இலையின் நீளவாக்கில் துளி எளிதாக ஓடும். குறுக்காக ஓடக் கூடுதல் சாய்வு கேட்கும். இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள்.

படி 4: உருள்கிறதா, வழுக்குகிறதா?

துளிக்குள் ஒரு சிட்டிகைக்கும் குறைவான சாக்பீஸ் தூளைச் சேர்த்து, சற்றே சாய்த்த இலையில் விட்டு மெதுவோட்டத்தில் படமெடுங்கள். தூள் துளிக்குள் சக்கரம் சுற்றுவது போலச் சுழல்வது தெரியும். கண்ணாடியில் தண்ணீர் வழியும். தாமரையில் கோலிக்குண்டு மாதிரி உருளும்.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. கிளிசரின் போன்ற பிசுபிசுப்பான திரவத்தில் செய்த சிறு துளிகளில், சிறியது பெரியதை முந்திக்கொண்டு ஓடும். எல். மகாதேவனும் ஈவ் பொமோவும் 1999இல் இதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். சோதனையிலும் அப்படியே வந்தது. பெரிய துளி தன் எடையில் கொஞ்சம் அமுங்கி அதிகப் பரப்பைத் தொடுகிறது. தொடும் இடத்தில்தான் உராய்வு முழுவதும். சிறியதற்கு அந்தச் சுமை இல்லை. மகாதேவன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர், பிறகு ஹார்வர்டுக்குப் போனார். மருந்துக்கடைக் கிளிசரினில் இந்தப் பந்தயத்தை நடத்திப் பாருங்கள்.

அடுத்து, இலையின் உலர்ந்த பகுதியில் சாக்பீஸ் தூளை லேசாகத் தூவி, அதன் வழியே ஒரு துளியை ஓடவிடுங்கள். போன வழியெல்லாம் பளிச்சென்று துடைத்துவிட்டிருக்கும். தூள் முழுவதும் துளியில் ஒட்டிக்கொண்டு போயிருக்கும். தூசியும் இலையின் நுனிகளில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு இலையோடு இருக்கும் பிடியை விடத் தண்ணீரோடு ஏற்படும் பிடி வலுவானது. சேற்றில் நிற்கும் இலை சுத்தமாக இருப்பது இப்படித்தான்.

படி 5: மேலிருந்து விழவிடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. இதற்காகவே ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள்.

இலையை 5 டிகிரி சாய்வில் வையுங்கள். அப்போதுதான் துள்ளிய துளி அதே இடத்தில் திரும்ப விழாமல் நகரும். கைப்பேசியை நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் அமைப்பில் வையுங்கள். மின்விளக்கு மினுக்கும், படம் பட்டை பட்டையாக வரும். வெயில் வெளிச்சமே சிறந்தது. 5 செ.மீ. உயரத்திலிருந்து ஊசியால் ஒரு துளியைச் சொட்டுங்கள். அது நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் இலையைத் தொடும்.

படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள். துளி முதலில் அப்பளமாகத் தட்டையாகும். விட்டம் இரண்டு மடங்குக்கும் மேலே விரியும். பிறகு பரப்பு இழுவிசை ஓரங்களை உள்ளே இழுக்கும். எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும் தண்ணீர் நடுவில் மோதி, மேல்நோக்கி ஒரு தூணாக எழும். அந்தத் தூண் துளியையே இலையிலிருந்து பிய்த்துக்கொண்டு மேலே போய்விடும். சாதாரண இலையில் பின்வாங்கும் ஓரம் ஒட்டிக்கொண்டு அந்த ஆற்றலை விழுங்கிவிடும். இங்கே ஓரத்துக்குத் தயக்கமில்லை. அதனால் துள்ள முடிகிறது.

துளி இலையைத் தொட்டிருந்த நேரம் எத்தனை படங்கள் என்று எண்ணுங்கள். ஊசியிலிருந்து விழுந்த 2 மி.மீ. துளிக்கு இரண்டு அல்லது மூன்று. அதாவது 10 மில்லிநொடியைச் சுற்றி. இப்போது உயரத்தை 10 செ.மீ. ஆக்குங்கள். வேகம் கூடும், அப்பளம் இன்னும் விரியும், துள்ளலும் மாறும். தொட்டிருக்கும் நேரம் மட்டும் மாறாது! பிரான்சில் ரிச்சர்ட், கிளானே, கேரே மூவரும் 2002இல் இதை வெளியிட்டபோது பலருக்கும் வியப்பு. துளியை ஒரு சுருள்வில்லாக நினைத்துக்கொண்டால் புரியும்: ஊசலின் காலம் அதன் வீச்சைச் சார்ந்திருக்காதது போல, வில்லின் காலமும் நிறையையும் விறைப்பையும் மட்டுமே சார்ந்தது. இங்கே நிறை என்பது துளியின் அளவு, விறைப்பு என்பது பரப்பு இழுவிசை. சொட்டுக்குழலால் 4.5 மி.மீ. துளி விட்டால் நேரம் 30 மில்லிநொடியைத் தாண்டும். எட்டுப் படங்கள் வரை கிடைக்கும்.

இந்தச் சில மில்லிநொடிகள் பெரிய விஷயம். குளிர் நாடுகளில் விமான இறக்கை மீது விழும் துளி உறைவதற்குள் துள்ளிப் போய்விட்டால் பனிக்கட்டி படியாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கிருபா வாரணாசியின் குழு (இவரும் சென்னை ஐ.ஐ.டி. மாணவர்தான்) 2013இல் ஒரு எளிய வழியைக் காட்டியது. பரப்பில் மெல்லிய வரப்பு ஒன்றை வைத்தார்கள். அதன் மீது விழும் துளி ஒரே அப்பளமாகப் பின்வாங்காமல் நடுவிலேயே பிளந்து சுருங்குகிறது. தொடும் நேரம் சுமார் 37 சதவீதம் குறைகிறது. வண்ணத்துப்பூச்சி இறக்கையின் நரம்புகளும் இந்த வேலையைச் செய்வதை அவர்கள் காட்டினார்கள். உங்கள் இலையின் நரம்பு மீதும் குறிவைத்து ஒரு துளி விட்டுப் பாருங்கள்.

மழைத்துளி இதைவிட எவ்வளவோ வேகமாக வரும். 2 மி.மீ. துளி நொடிக்கு 6.5 மீட்டர் வேகத்தில் இறங்கி மோதினால் சுமார் 21,000 பாஸ்கல் அழுத்தம் கொடுக்கும். மெழுகுச் சுவருள்ள 10 மைக்ரான் துளை ஒன்று சுமார் 10,000 பாஸ்கல் வரைதான் தண்ணீரைத் தடுக்கும். 1 மைக்ரான் துளை என்றால் கிட்டத்தட்ட 1 லட்சம். மேடுகள் மட்டும் இருந்திருந்தால் முதல் மழையிலேயே தண்ணீர் உள்ளே புகுந்திருக்கும். அதற்கும் நுணுக்கமான மெழுகுக் குழல்கள் எதற்கு என்ற கேள்விக்கு இந்தக் கணக்குதான் பதில்.

தோசைக்கல்லை மறந்துவிடக் கூடாது. கல் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கும்போது தண்ணீர் தெளித்தால், சுர்ரென்று ஆவியாகாமல் முத்துமுத்தாக ஓடும். அங்கே துளியைத் தாங்குவது அதுவே உண்டாக்கிய நீராவி. 1756இல் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் இதை ஆராய்ந்து எழுதியவர் லைடன்ஃப்ராஸ்ட். தாமரை அடுப்பில்லாமல் செய்வதைத் தோசைக்கல் அடுப்போடு செய்கிறது.

படி 6: வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்

ஒரு பரப்பை எது கெடுக்கும் என்று தெரியாமல் அதைப் புரிந்துகொண்டதாகச் சொல்ல முடியாது.

முதலில் நேரம். சிறிய துளி ஒன்றை இலையில் விட்டு, காற்று அடிக்காத இடத்தில் வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். துளி சுருங்கச் சுருங்க அதன் உள்ளழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஆரம் 1 மி.மீ. என்றால் 144 பாஸ்கல், 0.1 மி.மீ. ஆனால் 1,440, 0.01 மி.மீ. ஆனால் 14,400. ஓர் அளவுக்குக் கீழே போனதும் துளி தன் அழுத்தத்தாலேயே மேடுகளுக்கு இடையே இறங்கக்கூடும். வென்சல் நிலை என்பது அதுதான். அதன் பிறகு இலையைச் சாய்த்தாலும் அது நகராது.

அடுத்து நீராவி. கொதிக்கும் தண்ணீருக்குச் சற்றுத் தள்ளி, கை சுடாத தூரத்தில் இலையைப் பிடியுங்கள். ஆவி மேடுகளுக்கு இடையிலேயே குளிர்ந்து துளிகளாகப் படியும். மேலிருந்து வந்த துளிக்குக் காற்று மெத்தை இருந்தது. இந்தத் துளி பிறந்ததே மெத்தைக்கு உள்ளே. ஆகவே ஒட்டிக்கொள்ளும். மழையை உதறும் இலை எல்லா ஈரத்தையும் உதறிவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் மெழுகுக் குழல் போன்ற நுண்ணிய அடுக்கு மிக நெருக்கமாக அமைந்த பரப்புகளில், படிந்த இரு துளிகள் சேரும்போது ஒரு அதிசயம் நடக்கும். இரண்டு உருண்டைகள் ஒன்றானால் மொத்தப் பரப்பு குறையும். மிஞ்சிய ஆற்றல் புதிய துளியைப் பரப்பிலிருந்து மேலே தூக்கி எறிந்துவிடும். யாரும் தட்டவேண்டாம், சாய்க்கவேண்டாம். போரேகோ, சென் என்ற இரு ஆய்வாளர்கள் 2009இல் இதைப் படமெடுத்துக் காட்டினார்கள். மின்நிலையங்களில் நீராவியைக் குளிர்விக்கும் குழாய்களுக்கு இது பயன்படுமா என்ற ஆராய்ச்சி அதிலிருந்து சூடுபிடித்தது.

மூன்றாவது எண்ணெய். சமையலெண்ணெயின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் பாதிகூட இல்லை. ஒரு சொட்டு விட்டதும் இலைக்குள் இறங்கிவிடும். அந்த இடம் பிறகு தண்ணீரையும் உதறாது. கை விரலின் எண்ணெய்ப் பசையும் இதே கேட்டைச் செய்கிறது.

படி 7: நீங்களே ஒரு பரப்பு செய்யுங்கள்

எவர்சில்வர் கரண்டியின் பின்புறத்தை மெழுகுவர்த்திச் சுடரின் மஞ்சள் பகுதிக்குள் பிடித்து மெதுவாக அசையுங்கள். விளக்குச் சுடரில் கண்மைக்குக் கரி பிடிப்பது போலத்தான். உலோகம் கொஞ்சமும் தெரியாதபடி கரி படிய வேண்டும். கரண்டியைத் துணியால் பிடித்துக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். நன்றாக ஆறியதும் 1 செ.மீ. உயரத்திலிருந்து துளியை விடுங்கள். கரண்டியின் முதுகில் நிற்காமல் உருண்டு விழும். ஒரு நிமிட வேலையில் தாமரைக்கு இணையான பரப்பு.

விழுந்த துளியைப் பார்த்தால் அதன் மேல் கரி ஒட்டியிருக்கும். பத்துத் துளிகளுக்குப் பிறகு ஓரிரு இடங்களில் உலோகம் எட்டிப் பார்க்கும். அங்கே துளி நிற்கத் தொடங்கும். விரலால் தொட்டால் எல்லாம் போய்விடும். இந்தத் துறை முழுவதும் படும் பாட்டை அந்தக் கரண்டி காட்டிவிடுகிறது. காற்றைப் பிடித்துவைக்க நுண்ணிய நுனிகள் வேண்டும். நுண்ணிய நுனி எதுவும் தேய்த்தலைத் தாங்காது. தாமரை இலை உயிருள்ளது என்பதால் மெழுகை மறுபடி சுரந்து சரிசெய்துகொள்ளும். சுவருக்கோ துணிக்கோ அந்த வசதி இல்லை. கடையில் ஸ்ப்ரே டப்பா வாங்கும்போது விளம்பரத்தில் துளி உருள்வதை மட்டும் பார்க்காமல், எத்தனை முறை துடைத்த பிறகு உருள்கிறது என்று கேளுங்கள்.

கரியின் பலவீனத்தைத் தாண்ட ஜெர்மனியின் மைன்ஸ் நகர ஆய்வாளர்கள் 2012இல் ஒரு வழி கண்டார்கள். மெழுகுவர்த்திக் கரியின் மேல் சிலிக்கா ஓடு ஒன்றைப் படியவைத்து, 600 டிகிரி செல்சியஸில் சுட்டு உள்ளிருந்த கரியை எரித்துவிட்டார்கள். மிஞ்சியது கரியின் வடிவத்தில் ஒரு கண்ணாடிக் கூடு. அதன் மேல் ஃபுளூரின் கலந்த மெல்லிய பூச்சு. ஊடுருவிப் பார்க்கும்படி தெளிவாக, எண்ணெயையும் உதறும் பரப்பு கிடைத்தது. அடிப்படை நீங்கள் கரண்டியில் பிடித்த அதே கரி.

கடைசியாக: சோப்பும் முட்டைக்கோஸும்

இலை தண்ணீரை உதறுவது எல்லா நேரமும் நல்லதில்லை என்பதை விவசாயிகள் நன்கு அறிவார்கள். முட்டைக்கோஸிலும் நெல்லிலும் அடித்த மருந்து துள்ளித் தரையில் விழுந்துவிடும். சாய்ந்த பரப்பில் துளியின் பிடியைக் கணக்கிட படி 3இல் நாம் பயன்படுத்திய சமன்பாட்டை ஃபர்மிட்ஜ் என்ற ஆய்வாளர் 1962இல் எழுதியதே, தெளிக்கும் மருந்து எவ்வளவு இலையில் தங்கும் என்பதைக் கண்டறியத்தான். நம் ஊரில் வேப்பங்கொட்டைக் கரைசலோடு காதி சோப்பைக் கரைப்பதும், மருந்தோடு ஒட்டுத் திரவம் சேர்ப்பதும் இதற்காகவே. சோப்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கிவிடும். துளி காற்று மெத்தையின் மேல் நிற்க முடியாமல் உள்ளே இறங்கும்.

ஒரு டம்ளர் தண்ணீரில் துளி காதி சோப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள். முட்டைக்கோஸ் இலையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளிகள் வையுங்கள்; ஒன்று வெறும் தண்ணீர், ஒன்று சோப்புத் தண்ணீர். இலையை மெதுவாகச் சாயுங்கள். முதல் துளி போன பிறகும் இரண்டாவது அங்கேயே இருக்கும். இன்னும் சாயுங்கள், செங்குத்தாகும் வரை. எத்தனை டிகிரியில் அது புறப்படுகிறது என்று உங்கள் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.